அந்தப் பக்கத்து ரோடு

துணி காயப்போடுவதற்கு முன் கொடியைத் துடைக்க வேண்டும். ஈரத்துணியை மடித்துக் கொடிமேல் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தி இழுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு ஒவ்வொரு துணியையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட வேண்டும். காற்றில் வருகிற சிவப்புத் தூசி உடம்பில் படும் பக்கத்தில் படிந்துவிட்டுப் போகட்டும். ஊர் பார்க்கிற பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். சுரங்கம் மூடிய பிறகும் அந்தத் தெருவில் யாரும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

நான் அந்த வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தது சுரங்கம் மூடிய பிறகுதான். மொட்டைமாடியில் தூசி அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அதற்குள் இருக்கும் வட்டக் காகிதத்தை எடுத்து உறையில் போட்டு அனுப்பிவிட்டு, புதிய காகிதம் வைப்பது என் வேலை. சுரங்கம் ஓடிய காலத்துக் காகிதங்களை அலுவலகத்தில் காட்டியிருக்கிறார்கள். செங்கல் நிறம். நான் எடுத்ததெல்லாம் லேசாகப் பழுப்பேறிய வெள்ளை.

வீட்டுக்கார அக்கா முதல் முறை அதைப் பார்த்தபோது இடுப்பில் துணிக்கூடையோடு நின்றாள்.

"ஒண்ணுமே இல்லாத பேப்பரை எடுத்துப் பார்க்கவா சம்பளம் தர்றாங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு எழுதி அனுப்பணும்க்கா."

"நல்ல வேலைதான். ஒண்ணும் இல்லாத வீட்டை நானும் தினம் பெருக்கறேன். எனக்கு யாரு தருவாங்க?"

அப்படிச் சொன்னாலும் அவளுக்கு வேலை இருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாங்கி வந்து வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துத் தருவாள். கல்தொட்டியில் நீலம் கலப்பதிலிருந்து மடிப்பது வரை தனியாகத்தான் செய்தாள். ஈரப் போர்வையைப் பிழியும்போது மட்டும் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். என்னைக் கூப்பிடுவாள். நான் பிடிக்கத் தெரியாமல் பிடிப்பேன்.

"நீ வலப்பக்கம் முறுக்கினா நான் இடப்பக்கம் முறுக்கணும். ரெண்டு பேரும் ஒரே பக்கம் சுத்தினா போர்வை எப்படிப் பிழியும்? அவரு இருந்தா ஒரே முறுக்கு, தண்ணி மொத்தமும் கீழே."

அவர் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். நீதிமன்றம் சுரங்கத்தை நிறுத்தியதும், ரயிலில் இரண்டு பகல் தள்ளியிருக்கும் வேறொரு சுரங்கத்துக்குப் போய்விட்டார். வருடத்துக்கு ஒருமுறை வருவார் என்றார்கள். நான் குரலைத்தான் கேட்டிருக்கிறேன். சாயங்காலம் அவருக்கு ஷிப்ட் முடிந்ததும் அழைப்பு வரும். அக்கா ஃபோனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து விரிப்புகளை மடிப்பாள்.

"சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

"எங்கடி?"

"தையல் வெளியே தெரியுது பாருங்க."

"அட, ஆமா. காலையிலேருந்து இதோடதான் சுத்தறேன். ஒரு பயலும் சொல்லலை."

"அங்கேதான் சுரங்கத்துக்கும் குவார்ட்டர்ஸுக்கும் ரொம்பத் தூரம்னு சொன்னீங்களே. அப்புறம் எதுக்குத் திருப்பிக் காயப்போடறீங்க?"

"கை அதுவா திருப்புது. நம்ம ஊர்ப் பசங்க நாலு பேருமே இப்படித்தான். சூப்பர்வைசர் எங்களுக்கு 'உள்பக்கம்'னு பேர் வெச்சுட்டான். 'டேய் உள்பக்கம், வண்டியை எடு'ங்கறான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாப்பா ஓடிவந்து ஃபோனில் முகத்தை ஒட்டி, "உள்பக்கம் அப்பா" என்றாள். அவளுக்கு ஆறு வயது.

பேசி முடித்த பிறகு அக்கா உடனே எழுந்திருக்க மாட்டாள். இருட்டிப்போன ஃபோனைப் பார்த்தபடி இருப்பாள். ஒரு நாள் ஆஸ்பத்திரி விரிப்புகளோடு அவருடைய காக்கிச் சட்டையும் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது.

"இதை யாருக்கா போட்டுக்கிட்டாங்க?"

"யாரும் போட்டுக்கலை. மடிச்சே வெச்சா மடிப்புல கோடு விழுந்துடும். அதான் அப்பப்போ நனைச்சுப் போடறேன்."

கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. மாடிக்குப் போய்விட்டேன்.

வீட்டின் பின்சுவரை ஒட்டித்தான் சுரங்கத்து ரோடு. தாது ஏற்றிய டம்பர்கள் அதன் வழியாகத்தான் ரயில் மேடைக்குப் போகும். மதியத்துக்கு மேல் காற்று சுரங்கத்திலிருந்து தெருவை நோக்கி அடிக்கும். சக்கரம் கிளப்பியது எல்லாம் நேராக வீடுகளுக்குள் வரும். இப்போது அந்த ரோட்டில் புல் முளைத்திருந்தது. பாப்பா அதில் ஓடி விளையாடினாள். அக்கா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"முன்னாடியெல்லாம் இவளால நாலு எட்டு ஓட முடியாது. மூச்சு விடறது அடுத்த ரூமுக்குக் கேக்கும். ஆஸ்பத்திரியில ஆவி பிடிக்கிற மெஷின் வெச்சு விடுவாங்க. அந்த மெஷினும் சுரங்கத்துக்காரங்க வாங்கிக் குடுத்ததுதான். இருமலும் அவங்களுது, மருந்தும் அவங்களுது. யாரைப் போய்த் திட்டறது? அந்தச் சம்பளத்துலதான் இந்த வீட்டையும் கட்டினோம்."

சுரங்கத்தைத் திரும்பத் திறப்பது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப்போகிறார்கள் என்ற செய்தியை நாத்தனார்தான் கொண்டுவந்தாள். டிரைவரின் தங்கை. சுரங்க வாசலில் டீக்கடை வைத்திருந்தாள். கடை இப்போதும் இருந்தது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

"அண்ணி, தேதி வெச்சுட்டாங்க. பள்ளிக்கூட ஹால்ல. தெருவுக்கு ஒருத்தர் பேசலாமாம். நம்ம தெருவுக்கு நீங்கதான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"பேசத் தெரிஞ்ச ஆம்பளைங்க எல்லாம் வெளியூர்ல. மிச்சம் இருக்கறதுல ஒருத்தருக்குக் காது கேக்காது, ஒருத்தர் வாயைத் திறந்தா மூட மாட்டாரு. உங்களை விட்டா நான்தான். நான் பேசினா சண்டையாயிடும்."

"அது வாஸ்தவம்."

"போய் நில்லுங்க. திறங்க, எங்க அண்ணன் வரட்டும்னு சொல்லுங்க. ஒரு வரி. அதுக்கு எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சுக்கறீங்க?"

அக்கா கொடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"பழைய ரோட்டுலதானே வண்டி ஓடும்?"

"வேற எங்க ஓடும், என் தலை மேலயா?"

"அப்போ பாப்பா?"

நாத்தனார் கூடையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். பிறகு, "இப்போதான் வளந்துட்டாளே, தாங்குவா அண்ணி" என்றாள். அதில் அவளுக்கே நம்பிக்கை இருந்த மாதிரித் தெரியவில்லை. பாப்பாவுக்கு மூச்சு முட்டிய நாட்களில் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான்.

சுரங்கத்து என்ஜினீயர் டீக்கடைக்கு வரும் நேரம் பார்த்து அக்கா அங்கே போனாள். என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். அவர் மரியாதையான மனிதர். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"ஏன் சார், ரோட்டை ஊருக்கு அந்தப் பக்கம் போட முடியாதா? காத்து ஊரைத் தாண்டிப் போற பக்கம் போனா தூசி அப்படியே வெட்டவெளிக்குப் போயிடுமே."

"போடலாம்மா. நானே ஒரு காலத்துல வரைஞ்சு குடுத்தேன். ஆனா அந்தப் பக்கம் முழுக்கப் பாறை. வெட்டணும், நடுவுல ஒரு பாலம் கட்டணும். ரெண்டு மழைக்காலம் தாண்டிடும். பழைய ரோடுன்னா இந்த மழை முடிஞ்சதுமே திறந்துடலாம். வெளியூர் போன டிரைவர்களைத்தான் முதல்ல கூப்பிடுவோம்."

"முதல்லயா?"

"அவங்களுக்குத்தானே இந்தக் குழி பழக்கம்?"

"நாங்க அந்தப் பக்கத்து ரோடுதான் வேணும்னு சொன்னா?"

அவர் கிளாஸை வைத்தார். "எழுதி மேலே அனுப்புவாங்க. கருத்துக் கேக்க வர்ற சர்க்கார் அதிகாரி அதை நிபந்தனையா வெச்சா கம்பெனி செஞ்சுதான் ஆகணும். இவ்வளவு காத்திருந்து திறக்கணுமான்னு அவங்க யோசிக்கவும் யோசிக்கலாம். நான் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

திரும்பி வரும்போது அக்கா என்னிடம் கேட்டாள். "நீ படிச்சவ. பழைய ரோட்டுலயே தண்ணி தெளிச்சு, வண்டிக்கு மேல தார்ப்பாய் போட்டு ஓட்டினா எப்படி?"

"குறையும்க்கா. பாதியாகலாம்."

"பாதின்னா? பாப்பா பாதி இருமுவாளா?"

எனக்குக் காகிதத்தில் படிவதை எடைபோடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழந்தையின் நெஞ்சில் படிவதை அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது. தெரியாது என்றேன். அக்கா தலையாட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டிரைவர் பேசும்போது அவளே ஆரம்பித்தாள்.

"தெரியும்டி. தங்கச்சி சொன்னா. நீதான் பேசப்போறியாமே."

"என்ன பேசட்டும்?"

"உனக்குத் தெரியாததா?" என்றார். பிறகு மெதுவாக, "இங்கே மழை. ரூம்ல நாலு பேரு. ஈரத்துணியை உள்ளேயே கட்டியிருக்கோம். நீ நீலம் போட்டுக் காயவெச்ச துணிக்கு ஒரு வாசனை இருக்குமே, அது இங்கே எந்த சோப்பு போட்டாலும் வரலை" என்றார்.

அக்கா மடித்த விரிப்பை உதறிவிட்டு மறுபடி மடித்தாள். பாப்பாவைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

கூட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் சங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுரங்கம் ஓடியபோது மதியம் பாறைக்கு வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் ஊர் எழுந்து நிற்கும். உட்கார்ந்திருந்தால் அதிர்வு முதுகில் ஏறும் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கியிருந்தார்கள். வெறுமனே நிற்கவும் கூடாது. ஒவ்வொருவருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. அக்காவுக்குக் கண்ணாடி அலமாரி. நாத்தனாருக்குப் பால் பாத்திரம். டீக் குடிப்பவர்கள் கிளாஸை பெஞ்சிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள். ஆசிரியர் கரும்பலகையைப் பிடிப்பார், பிள்ளைகள் ஆசிரியரைப் பிடிப்பார்கள். வெடித்து அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து எல்லாம் தொடரும்.

பள்ளிக்கூட ஹாலில் நாற்காலி போதாமல் ஜன்னல் திட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அரசு அதிகாரியும் என்ஜினீயரும் இன்னும் சிலரும். அக்கா இரண்டாவது வரிசையில், மடியில் பாப்பாவோடு. ஒரு பக்கம் நாத்தனார், மறுபக்கம் நான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் பேசினாள். சுரங்கத்து நிதி நின்றதிலிருந்து டாக்டர் எப்போதாவதுதான் வருகிறார், பிரசவத்துக்கு வெளியூர் ஓட வேண்டியிருக்கிறது என்றாள். ஏரிக்கரைத் தெருக்காரர் ஒருவர், தண்ணீர் சிவப்பு மாறி இப்போதுதான் மீன் வருகிறது, அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். இரண்டு பேருக்கும் கை தட்டினார்கள். ஒரே ஆட்கள்தான் இரண்டுக்கும் தட்டினார்கள்.

பிறகு கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி எழுந்தார். ஊருக்குப் புதியவர். "பழைய சங்கு குழந்தைகளைப் பயமுறுத்துதுன்னு புகார் இருந்தது. இப்போ புதுசா ஒண்ணு வாங்கியிருக்கோம். சத்தம் மென்மையா இருக்கும். நீங்களே கேளுங்க" என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார்.

சங்கு ஊதியது.

ஹால் முழுவதும் எழுந்து நின்றது. நாற்காலிகளைப் பின்னால் தள்ளும் ஓசை ஒன்றாகக் கேட்டது. ஒருவர் ஸ்டாண்டு மின்விசிறியின் கம்பியைப் பிடித்தார். முன்வரிசைக்காரர் பாய்ந்து மேடைமேல் இருந்த தண்ணீர்க் கிளாஸ்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். அக்கா பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மறு கையை உயரே நீட்டி, அங்கே இல்லாத எதையோ பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் மூச்சு விடவில்லை. வெடிக்காகக் காத்திருந்தார்கள்.

உட்கார்ந்திருந்தது அதிகாரிகளும் நானும்தான்.

வெடி வரவில்லை. முதலில் நாத்தனார்தான் சிரித்தாள். "அடப்பாவி, வெடியே இல்லை, என்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம்!" ஹால் அதிரச் சிரித்தது. கிளாஸ்காரர் வெட்கத்தோடு ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் நாற்காலிமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்காவின் முறை வந்துவிட்டது. பாப்பாவை என் மடியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. யாரோ இறக்கிவிட்டார்கள்.

"எனக்குப் பேசிப் பழக்கமில்லை" என்றாள். "சுரங்கம் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அந்தச் சோறைத் தின்னுட்டு அப்படிச் சொன்னா நாக்கு கூசும். எங்க வீட்டுக்காரரு வெளியூர்ல இருக்காரு. அவரு வரணும். எனக்கு அவரு வேணும்."

பின்னால் யாரோ விசிலடித்தார்கள். அவள் காது சிவந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"ரோட்டை மட்டும் அந்தப் பக்கம் போட்டுட்டுத் திறங்க. பழைய ரோட்டுல ஒரு வண்டிகூட வேண்டாம். தண்ணி தெளிக்கிறோம், பாதியாகும்னு எல்லாம் சொல்லாதீங்க. மூச்சுல பாதி எடுத்துக்க முடியாது."

அரசு அதிகாரி கேட்டார். "அதுக்கு நாளாகும்னு உங்களுக்குச் சொன்னாங்களாம்மா?"

"சொன்னாங்க."

"ரெண்டு வருஷம்கூட ஆகலாம்."

அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

"ஆகட்டும்" என்றாள்.

திரும்பி வந்து உட்காரவில்லை. அப்படியே வாசலுக்கு நடந்தாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும், நாத்தனாரும் பின்னாலேயே போனோம்.

"ஆகட்டுமா? யாரைக் கேட்டு ஆகட்டும்னீங்க? என் கடை? எங்க அண்ணன்?"

"கடைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்கு அவன் முகத்தைப் பார்க்கும்போது சொல்லுங்க." அவள் அழுதுகொண்டிருந்தாள். என் கையிலிருந்து பாப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்குள் குழந்தையை இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

பாப்பா பின்பக்கத்துப் புல்லில் ஓடி ஓடிக் களைத்து, சாயங்காலம் உலர்ந்த விரிப்புகளின் மேலேயே தூங்கிப்போனாள். அவளை எழுப்பாமல் சுற்றியிருந்ததை மட்டும் எடுத்து நாங்கள் மடித்துக்கொண்டிருந்தோம். அப்போது அழைப்பு வந்தது. அக்கா ஃபோனை எடுத்துச் சொம்பில் சாய்ப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பார்த்தேன்டி! ஃபோன்ல நியூஸ் ஃபோட்டோ வந்திருக்கு. 'எழுந்து நின்று வரவேற்ற மக்கள்'னு போட்டிருக்கான். நீ ரெண்டாவது வரிசையில, கையை வேற தூக்கியிருக்கே. இங்கே நாலு பேருக்கும் கால் தரையில இல்லை. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன், மழை முடிஞ்சதும் உள்பக்கம் ஊருக்குக் கிளம்புதுன்னு."

"அது சங்குங்க."

"என்னது?"

"சங்கு ஊதிக் காட்டினாங்க. அதான் எல்லாரும் எழுந்துட்டோம். என் கை அலமாரியைப் பிடிக்கப் போச்சு."

அவருக்கு விளங்க ஒரு நொடிதான் ஆனது. வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம ஜனங்க இருக்காங்களே! சரி, எதுக்கு எழுந்தா என்ன? திறக்கறாங்கல்ல?"

"அந்தப் பக்கத்து ரோடு போட்டுட்டுத் திறங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எதிர்முனையில் மழைச்சத்தம் கேட்டது.

"அது வெறும் பாறைடி."

"தெரியும்."

"நான் அதுல நின்னிருக்கேன். எவ்வளவு நாளாகும்னு தெரியுமா உனக்கு?"

"சொன்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வர்றேன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் எனக்கு வாய் எழும்பியிருக்காது."

நான் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். விரிப்பின் மறுமுனை என் கையில் இருந்தது. அக்கா தன் முனையை விடவில்லை.

"நான் வர வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கே" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

"தினம் வாசலைப் பார்க்கறவகிட்டப் போய் அப்படிச் சொல்லாதீங்க."

அவர் கட் செய்துவிட்டாரோ என்று அக்கா ஃபோனை எடுத்துப் பார்த்தாள்.

"அவ எங்கே?" என்றார்.

"தூங்கறா."

"இந்த நேரத்துலயா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. பின்னாடி ஓடி விளையாடிட்டு வந்து தூங்கறா."

சொல்லிவிட்டு அவள் நகர்ந்துபோய், கவிழ்ந்து படுத்திருந்த பாப்பாவின் முதுகில் ஃபோனை மெல்லச் சாய்த்து வைத்தாள். மூச்சுக்கு ஏற்ப ஃபோன் மேலெழுந்து தாழ்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"ஒண்ணும் கேக்கலையே."

அக்கா குனிந்து, குழந்தை விழித்துவிடாதபடி, "ஆமா" என்றாள்.

ஃபோனை எடுக்கக் கை நீட்டினாள்.

"எடுக்காதே" என்றார். "இன்னும் கொஞ்சம் நேரம் வெச்சிரு."